சர்நேம் கேட்கும் படிவங்களை வடிவமைப்பவர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ விமான நிறுவனத்திலோ உட்கார்ந்துகொண்டு, மக்கள் நிரப்ப வேண்டிய ஆன்லைன் விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் எங்கே வரவேண்டும், எதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் ராத்திரி இறக்குவது வரை நீங்கள் போட்ட கட்டங்களோடுதான் என் பிழைப்பு. சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், போட்டோ, அப்புறம் பான் கார்டு, பாஸ்போர்ட், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு என்று வருகிற விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுக்கிறோம்.

ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். 'லாஸ்ட் நேம்' என்றோ 'சர்நேம்' என்றோ தலைப்புப் போட்டு நட்சத்திரம் வைக்கிறீர்களே, அதைப் பற்றி. டில்லியில் இருப்பவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது, அதனால் வந்த வினை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் நம் பிள்ளைகள். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையில் அவர்கள் பெயரோடு அவர்கள் அப்பா பெயரும் சேர்ந்து தொங்குகிறது. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

வருகிறவரிடம் "உங்க சர்நேம் என்ன?" என்று கேட்டால் "அப்படின்னா?" என்பார். படிக்கிற பிள்ளையாக இருந்தால் "இனிஷியலா அண்ணே?" என்று திருப்பிக் கேட்கும். இனிஷியல்தான் உங்களுக்கு ஆகாதே. ஒற்றை எழுத்தை அடித்தால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கிறது. புள்ளி வைத்தால் சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை என்கிறது. காலியாக விட்டால் கட்டம் முழுக்கச் சிவக்கிறது. வேறு வழியில்லாமல் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அடித்தால் பச்சை டிக் விழுகிறது. அந்த நொடியிலிருந்து மாரிமுத்துவின் மகள் கோமதி உங்கள் கணினிக்கு 'மாரிமுத்து'. அடுத்து வரும் மின்னஞ்சல் 'டியர் மாரிமுத்து' என்று ஆரம்பிக்கும். நிஜ மாரிமுத்து அந்த நேரம் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வழக்கத்தில் பெயர் ஒருவருக்கு ஒன்றுதான். அதற்கு முன்னால் வருவது எந்த ஊர், யார் பிள்ளை என்கிற விவரம். அப்பா பெயர் ஒரு தலைமுறைதான் அங்கே நிற்கும். பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தால் அந்த இடத்துக்கு அடுத்த பெயர் வந்துவிடும். வழிவழியாக மாறாமல் இறங்கி வருகிற ஒன்றைத்தான் நீங்கள் சர்நேம் என்கிறீர்கள். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. மறைத்து வைத்துக்கொண்டு தர மறுக்கவில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. கரூர் பக்கம் புகளூரில் ஆறுநாட்டான் மலை என்று ஒரு குன்று. சமண முனிவர் தங்குவதற்குச் சேர இளவரசன் ஒருவன் அங்கே கல்படுக்கை வெட்டிக் கொடுத்ததைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். சுமார் 1,800 ஆண்டுப் பழையது. அதில் கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று தாத்தா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் வரிசையாக வருகிறார்கள். அரச குடும்பம், பெருமையடித்துக்கொள்ள வம்சப் பெயர் இருக்கிறது. இருந்தும் 'இன்னார் மகன்' என்று சொல்லித்தான் தன்னைத் தெரிவித்துக்கொள்கிறான்.

சங்கப் புலவர் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, பெயர். இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் எம்.கே. நக்கீரன் என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்றால் ஊரும் வந்துவிட்டது, குடியிருப்பும் வந்துவிட்டது, கால் ஊனம் என்ற அடையாளமும் வந்துவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்று இன்னொருவர். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற வரியில் பெயருக்கு 39 எழுத்துதான் இடம். இவருக்கு 'மகனார்' முடிவதற்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும், சொந்தப் பெயர் வெளியே நிற்கும்.

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் வந்த பிறகு அந்த நீளமான முன்பகுதி ஒன்றிரண்டு ஆங்கில எழுத்தாகச் சுருங்கியது. அண்ணாவின் 'சி.என்.' என்பது காஞ்சிபுரமும் நடராஜனும். காஞ்சிபுரத்துக்கு எங்கிருந்து 'சி' வந்தது என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் வாயில் அது 'கான்ஜீவரம்', 'சி'யில் ஆரம்பிக்கும். இப்போது தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி 2021 டிசம்பரில் ஆணை போட்டிருக்கிறது. அதுவும் உங்கள் கட்டத்துக்குள் நுழையாது, அது தனிக்கதை.

ஒரு குடும்பத்தைக் காட்டுகிறேன். சி.வி. ராமன் 1930இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் 1983இல் வாங்கினார். ஒரே வீட்டில் இரண்டு நோபல். உங்கள் படிவத்தில் இவர்கள் இருவருக்கும் 'லாஸ்ட் நேம்' வேறு வேறு, ஆகவே ஒருவருக்கொருவர் யாரோ. எங்கள் முறையில் வாசித்துப் பாருங்கள். ராமனின் 'சி' அவர் அப்பா சந்திரசேகர ஐயர். அந்த அப்பாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். பேரனின் 'எஸ்' அவர் அப்பா சுப்பிரமணியன், அதாவது ராமனின் அண்ணன். தாத்தா, இரண்டு பிள்ளைகள், பேரன் என்று மொத்தக் குடும்பமும் இரண்டு இனிஷியலுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் சந்திரசேகருக்குச் சுப்பிரமணியன் 'ஃபர்ஸ்ட் நேம்' ஆனது. ஆனால் கூட வேலை பார்த்தவர்கள் யாரும் அவரைச் சுப்பிரமணியன் என்று கூப்பிடவில்லை, சந்திரா என்றார்கள். நாசா 1999இல் ஏவிய எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கும் அந்தப் பெயர்தான். படிவம் புரட்டிப் போட்டதை மனிதர்கள் சரியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கணித மேதை ராமானுஜனுக்கும் இதே கதைதான். முன்னால் வருகிற சீனிவாச, கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கு எழுதிய அவர் அப்பா. அப்துல் கலாமுக்கு ஒரு படி மேல். அவுல் கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாபுதீன் அப்பா. ஏ.பி.ஜே. என்ற மூன்று எழுத்தில் மூன்று தலைமுறை ராமேஸ்வரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் படிவத்தில் அவருக்குச் சர்நேம் என்று கலாமைப் போடுவீர்களா, அப்துலை ஃபர்ஸ்ட் நேம் என்று பிய்ப்பீர்களா? அப்துல் கலாம் என்பது பிரிக்கக் கூடாத ஒரே பெயர். அரபியில் அப்துல் என்று தனியாக நிறுத்தினால் யாருடைய அடியார் என்பதே அந்தரத்தில் தொங்கும்.

இனிஷியல் என்றாலே அப்பா என்று நினைத்துவிட வேண்டாம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' வீணை வாசித்த அவர் அம்மா சண்முகவடிவு. கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுமுடியும் அம்மா பாலாம்பாளும். எம்.எல். வசந்தகுமாரிக்கு மெட்ராஸும் அம்மா லலிதாங்கியும். கச்சேரி மேடையில் ஏறும்போதே ஊரையும் அம்மாவையும் கூட ஏற்றிக்கொண்டு போனவர்கள். 'தந்தை பெயர்' என்ற கட்டத்துக்கும் நட்சத்திரம் போட்டு, தாயை மட்டும் சொல்ல வருகிற பிள்ளையை நிற்க வைக்கிற படிவங்கள் இன்னும் இருக்கின்றன. கணவன் விட்டுப் போய்விட்ட பெண்கள் அந்தக் கட்டத்துக்கு முன்னால் என்ன பாடுபடுகிறார்கள் என்பது என் கடையில் தினமும் பார்க்கிற விஷயம். பாஸ்போர்ட்டில் 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை?

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த மடலுக்கே காரணம்.

ஒரு காலத்தில் எங்கள் பெயர்களுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை, முதலியார், நாயக்கர், ஐயர், தேவர், நாடார். பத்திரத்திலும் வாக்காளர் பட்டியலிலும் அது இல்லாமல் பெயர் இல்லை. சிலருக்கு அந்த ஒட்டு பட்டம். மற்றவர்களுக்கு, எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று எழுதி வைத்த சீட்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே தன் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்தார். தீர்மானம் ஒரு நாளில் போட்டுவிடலாம். வாத்தியார் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும்போது விட்டுவிட்டதும், அப்பா கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கும்போது விட்டுவிட்டதும், கடைக்காரர் போர்டு எழுதும்போது விட்டுவிட்டதுமாகப் முப்பது நாற்பது ஆண்டு ஆனது அது உதிர்வதற்கு. இன்று தமிழ்நாட்டில் ஒருவர் பெயரை மட்டும் கேட்டு அவர் சாதியைச் சொல்வது லேசில்லை.

சாதியே போய்விட்டது என்று நான் கதை விடவில்லை. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பெயர் என்ற ஒரு இடத்தையாவது துடைத்து வைத்தோம். நீங்கள் காலி என்று சிவப்பு காட்டுகிற இடம் எங்கள் தாத்தாமார் வேண்டுமென்றே காலி செய்த இடம்.

அதில் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால் என்ன நடக்கும்? பாதிப் பேர் அப்பா பெயரைப் போடுவார்கள். சிலர் சொந்தப் பெயரையே வெட்டிப் போடுவார்கள், முத்துக்குமார் 'முத்து', 'குமார்' என்று இரண்டாகிவிடுவார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகிற சில குடும்பங்கள், பிள்ளைக்கு நிலையான ஒரு சர்நேம் இருக்கட்டும் என்று தாத்தா உதிர்த்த பட்டத்தைத் தேடி எடுத்து மறுபடி ஒட்டுகிறார்கள். சாதிப் பெருமை பேசும் ஆட்கள் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி எதுவும் இல்லாதவர்கள்கூட, படிவம் கேட்கிறதே என்று செய்கிறார்கள். ஒரு மாநாடு, ஒரு இயக்கம், இரண்டு தலைமுறை சேர்ந்து எடுத்ததை உங்கள் நட்சத்திரம் அரை நிமிஷத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

எங்களுக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை இது. சீக்கியர்களில் ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்பது 1699இல் கால்சா என்ற அவர்களுடைய சமய அமைப்பு உருவான காலத்திலிருந்து வருவது. அதிலும் சாதி அடையாளத்தைத் துடைக்கும் நோக்கம் உண்டு. கனடா குடியேற்றத் துறை, சிங்கும் கௌரும் நிறையப் பேருக்கு இருக்கிறது, வேறு சர்நேம் கொண்டு வாருங்கள் என்று விண்ணப்பதாரர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. 2007இல் அது செய்தியாகி எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள்.

சரி, சொந்தப் பெயருக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பெயர்களுக்கு ஒரு சர்நேமும் சொல்லாத சங்கதிகள் தெரியும். கோமதிநாயகம், சங்கரலிங்கம் என்றால் எங்கள் ஊர் அம்மனும் சாமியும். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். உலகம்மாள் என்றால் பாபநாசமோ தென்காசியோ. சுடலைமுத்து, இசக்கியம்மாள், சொரிமுத்து என்றால் குலதெய்வம் எது என்று தெரிந்துவிடும், கோயில் கொடைக்கு எந்த ஊருக்குப் போவார்கள் என்றும் ஊகிக்கலாம். ராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்றால் பேதுருவும் பவுலும் யோவானும் தமிழ்ப் பெயர் பூண்டு வந்து நிற்பது. சவரிமுத்து என்றால் சவேரியார். பிச்சை, குப்பம்மாள், மூக்கன் என்றால் முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போய், இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று வைத்த பெயர். மூக்கனுக்கும் மூக்கம்மாளுக்கும் பிறந்ததும் மூக்குக் குத்தியிருப்பார்கள். போதும்பொண்ணு என்று வந்தால் அந்த வீட்டில் எத்தனையாவது பெண் என்று நான் கேட்பதில்லை. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு எண்கணிதம் பார்த்து, ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ' இரண்டு 'ஆர்' சேர்த்து வைக்கிறார்கள். அதை நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுத்துப் பிழை என்று நினைத்து நானாகத் திருத்திவிடக் கூடாதே என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் உதவித்தொகைக்கு எழுதிப் போட ஒரு ஆச்சி வந்திருந்தார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"திருச்செந்தூர்ல நிக்காருல்லா, அவரு பேருதான்யா."

"முருகனா ஆச்சி?"

இல்லை. கந்தசாமி, செந்தில், சுப்பிரமணியன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். ஆறுமுகத்துக்குத் தலை ஆடியது. அவர் இறந்து பல வருஷம் ஆகியும் அந்தப் பெயரை ஆச்சி வாயால் சொல்லவில்லை. அதோடு முடியவில்லை. அவர் பேரனுக்கும் ஆறுமுகம் என்றுதான் பெயர், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மாமனார் பெயரை மருமகள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் வீட்டில் அவன் ராசு. ஊரிலும் ராசு. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆறுமுகம். நாளைக்குச் சொத்து அவன் பெயருக்கு மாறும்போது பத்திர எழுத்தர் 'ஆறுமுகம் என்கிற ராசு' என்று எழுதுவார். பத்திர எழுத்தருக்கு ஒரு 'என்கிற' இருக்கிறது. உங்களிடம் இல்லை.

தமிழர்களில் நிஜமாகவே சர்நேம் உள்ளவர்களும் உண்டு. தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனால் பர்னாந்து, மச்சாடோ, ரோட்ரிகோ, மிராண்டா என்று கேட்கலாம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள், ஐந்நூறு ஆண்டு நெருங்கியும் அப்பா வழியில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு உங்கள் கட்டம் கச்சிதம். செட்டிநாட்டுப் பக்கம் போனால் வேறு மாதிரி. ஒரு பெயருக்கு முன்னால் மூன்று நான்கு இனிஷியல் வரிசையாக நிற்கும், அதை 'விலாசம்' என்பார்கள். பர்மா, மலாயா வரை லேவாதேவி செய்த கடைகளுக்கு அந்த எழுத்துகள்தான் அடையாளம். மலேசியாவில் தமிழர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கத்தைப் போடுகிறார்கள். பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் அதில் பொய் இல்லை. நம் பத்திரங்களில் வருகிற 'த/பெ' மாதிரி.

இனி, உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிற குழப்பம். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பான் விண்ணப்பத்தில் மூன்று கட்டம், அதில் கடைசிப் பெயர்தான் கட்டாயம், முதல் பெயர் இருந்தால் போடலாம். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம், இனிஷியல் கூடாது, சர்நேமைக் காலியாக விடலாம். மூன்றும் ஒரே அரசாங்கத்தின் ஆவணம். எம். குமார் என்ற ஒருவர் ஆதாரில் 'குமார் எம்', பானில் 'குமார் முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் குமார்' என்று மூன்று ஆளாகி வந்து என் முன்னால் நிற்பார். பான் எண்ணை ஆதாரோடு இணைக்கச் சொல்லி, தாமதமானால் 1,000 ரூபாய் கட்டு என்றார்கள். 2023 ஜூன் கடைசியில் கெடு முடிந்தது. அந்த மாதம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்கள் கூட்டம் எங்கள் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் ஒருவர், அப்பா ஒருவர், பெயர் ஒன்று. பொருந்தாதது கட்டங்கள்தான்.

கடல் கடந்தால் இன்னும் விசேஷம். சர்நேமைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவுக்குப் போனால் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து விழும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எங்களிடம் விண்ணப்பம் போட்டுவிட்டுப் படிக்கப் போன பிள்ளை ஒன்று, அங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமத்தைப் படம் பிடித்து அனுப்பியது. வங்கியில் கூப்பிடும்போது 'ஃப்னு, ஃப்னு' என்கிறார்களாம். முதலில் யாரையோ என்று நினைத்ததாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் வர முடியாது என்று அறிவித்தது. அப்புறம், உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அறிவிப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. சில விமான நிறுவனத் தளங்களோ ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடிக்கச் சொல்கின்றன. முருகன் முருகன் பறந்து போவார்.

புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேர் போனால் மூன்று சர்நேம். அவருக்கு அவர் அப்பா, அவளுக்கு அவள் அப்பா, பிள்ளைக்கு அவர். குடியேற்ற அதிகாரி பிள்ளையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்ப்பார். கல்யாணமானதும் இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. அதைச் சரி பண்ண அரசிதழில் விளம்பரம் கொடுத்து, அந்தப் பக்கத்தை வெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுப் போகிற இடமெல்லாம் கொண்டு திரிகிறார்கள்.

உலக விதி அப்படி, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். உலக விதி அப்படி இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம்தான் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் அடிப்படை. அதில் சர்நேம் கட்டாயம் என்று இல்லை. முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று இரண்டு பகுதியாகச் சொல்லி, பெயர் ஒன்றே ஒன்றாக இருந்தால் முதன்மையில் போட்டுவிட்டுத் துணையை விட்டுவிடலாம் என்கிறது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயர் வரிசையில்தான் அடுக்குவார்கள். பர்மாவின் ஊ தாண்ட்டுக்குத் தாண்ட் என்பது ஒன்றே பெயர், 'ஊ' நம் 'திரு' மாதிரி மரியாதைக்கு. அந்த ஒற்றைப் பெயரோடு 1961 முதல் 1971 வரை ஐ.நா. சபைக்கே பொதுச் செயலாளராக இருந்தார். அவர் இன்றைக்கு உங்கள் தளத்தில் ரயில் பாஸுக்கு விண்ணப்பித்தால் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார்.

எல்லாருக்கும் சர்நேம் வேண்டும் என்று முடிவு செய்த நாடுகளும் உண்டு. துருக்கி 1934இல் சட்டம் போட்டது. முஸ்தபா கமால் 'அத்தாதுர்க்' ஆனது அதை ஒட்டித்தான். ஜப்பான் 1875இல் எல்லாரும் எடுத்தே ஆக வேண்டும் என்றது. தாய்லாந்து 1913இல். நல்லதோ கெட்டதோ, அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார்கள். இங்கே ஒரு சட்டமும் கிடையாது. ஒரு நட்சத்திரம்தான் இருக்கிறது, அதைப் போட்டது யார் என்றுகூடத் தெரியாது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பெயருக்கு ஒரே கட்டம் கொடுங்கள், நீளமாகக் கொடுங்கள், புள்ளியையும் ஒற்றை எழுத்தையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதார் செய்கிறது, வேலை நடக்கிறது. வெளிநாட்டு அமைப்போடு இணைக்க வேண்டும், இரண்டு கட்டம் இல்லாமல் முடியாது என்றால் இரண்டாவதன் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, 'எனக்குக் குடும்பப் பெயர் இல்லை' என்று டிக் அடிக்க ஒரு சின்னப் பெட்டி வையுங்கள். பெற்றோர் பெயரைப் பெற்றோர் பெயர் என்றே கேளுங்கள், இருவரில் ஒருவர் போதும் என்று விடுங்கள். கடிதத்தில் எப்படி விளிக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி கேட்டுக்கொண்டால் 'டியர் மாரிமுத்து' வராது. ஆவணத்துக்கு ஆவணம் பெயரின் வரிசை முன்பின்னாக இருந்தால் அதை வேறு ஆள் என்று தள்ளாமல், இனிஷியலை விரித்துப் பார்த்து ஒப்பிடுகிற அளவுக்காவது மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் அதைக் கண்ணால் பார்த்து இரண்டு நொடியில் செய்கிறேன், கணினிக்கு முடியாதா?

புதுப் படிவத்தை வெளியிடும் முன் சோதித்துப் பார்ப்பீர்கள் அல்லவா? பெரும்பாலும் ஜான் ஸ்மித், ராகுல் சர்மா என்று அடித்துப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை இந்தப் பெயர்களையும் அடித்துப் பாருங்கள். வெறும் 'குப்பம்மாள்', முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல். 'இ. இசக்கிமுத்து', புள்ளியோடு. அம்மா பெயரை மட்டும் இனிஷியலாக வைத்திருக்கும் ஒரு 'எல். வசந்தா'. நான்கு இனிஷியலோடு ஒரு 'மெய்யப்பன்'. 'ஆறுமுகம் என்கிற ராசு'. பிரிக்காமல் ஒரு 'அப்துல் கலாம்'. தூத்துக்குடியிலிருந்து ஒரு பர்னாந்து, அவருக்கும் தொந்தரவு வரக் கூடாது. இத்தனை பேரும் சிவப்பு விழாமல் கடைசிப் பக்கம் வரை போய், ரசீது அச்சாகி வந்தால் படிவத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர்காரன்,
சங்கரன்கோவில்